பொய்ப் பெட்டியில் போட்ட கடிதம்

கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள எங்கள் ஊருக்குக் கடிதம் கொண்டுவரும் லோர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பனி கொட்டினாலும் அரைக்கால் சட்டைதான். இடது கெண்டைக்காலில் நாய் கடித்த தழும்புகள் மூன்று. கடித்த நாயின் வீட்டுக்கும் மறுநாளே கடிதத்தோடு போய் நின்றவள்.

போன ஜூலையில் சினிமாக்காரர்கள் கிறிஸ்துமஸ் படம் எடுக்க வந்து, கொளுத்துகிற வெயிலில் கடைத்தெரு முழுக்கக் காகிதப் பனியைக் கொட்டினார்கள். முன்பு தபால்பெட்டி இருந்த அதே மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்தார்கள். கதைப்படி அதில் போடும் கடிதமெல்லாம் பொன்புகையாய் வானத்துக்குப் பறக்குமாம். முட்டாள் நான், நிஜப் பெட்டி என்று நினைத்து என் கடிதத்தைப் போட்டுத் தொலைத்தேன்.

பதினோரு வருடமாகப் பேசாத என் தம்பி எல்வினுக்கு எழுதியது. அப்பாவின் படகை அவனைக் கேட்காமல் விற்றவன் நான். அதற்கடுத்த வாரம் அவனுக்கு இதய ஆபரேஷன். போன் செய்தால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுவான். 'தப்பு என்னுடையதுதான்' என்று எழுதவே நாலு நாள் ஆயிற்று. இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை.

லோர்னாவிடம் சொன்னேன். "அட கூறுகெட்ட மனுஷா!" என்று திட்டிவிட்டு நேரே டைரக்டரிடம் போனாள்.

"உள்ள புகைக்கு வெடிமருந்து வச்சு மூடியாச்சும்மா. பத்து நிமிஷத்துல ஷாட். அது நிஜப் பெட்டியே இல்ல" என்றார் அவர்.

"பெட்டி பொய்யா இருக்கட்டும் தம்பி. உள்ள இருக்கற கடுதாசி நிஜம். திற."

"நகருங்கம்மா, வெளிச்சம் போகுது."

"போகட்டும். நாளைக்கும் விடியும்ல?" பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காகிதப் பனியில் உட்கார்ந்துவிட்டாள். "வெடிக்கணும்னா என்னையும் சேர்த்து வெடி!"

முக்கால் மணி நேரம் அசையவில்லை. கூட்டமாய் நடிக்க வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராய்க் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்தார்கள்.

டைரக்டர் உறையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ஸ்டாம்பே ஒட்டலியே!"

எனக்கு மானம் போயிற்று. லோர்னா என்னை ஒரு முறை முறைத்தாள். தன் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து ஒட்டினாள். "இப்ப என்ன சொல்ற?"

டிசம்பரில் படம் டிவியில் வந்தது. பொன்புகை பறந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்வின் சிரித்தான்.

"எனக்குக் கடுதாசி புகையா வரலண்ணே. அரைக்கால் சட்டை போட்ட ஒருத்தி நூறு கிலோமீட்டர் காரோட்டிட்டு வந்தா. அப்படியே கிழிக்கப் போனேன். 'படிச்சு முடிக்கற வரைக்கும் நகர மாட்டேன்'னு என் வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டா."