டையூவில் விட்டு வந்தவள்

சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று மிஞ்சியது. அப்போதுதான் என் மனைவி எங்களோடு இல்லை என்பது தெரிந்தது.

1982 தை மாதம். ஆரணி, சேவூர்ச் சமணர்கள் முப்பத்தெட்டுப் பேர் கிர்நார் மலைக்கு யாத்திரை போனோம். அங்கே தீர்த்தங்கரர் நேமிநாதரைத் தரிசித்தபின், கடல் பார்க்க ஆசைப்பட்டு டையூ சென்றோம். போர்த்துகீசியர் ஆண்ட ஊர். பெரிய கோட்டை, வெள்ளை மாதா கோவில்கள், திரும்பிய பக்கமெல்லாம் சாராயக் கடைகள். தள்ளாடுகிறவர்களை மட்டும் எண்ணினேன், பதினோரு பேர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தலை எண்ணும் பொறுப்பு என்னுடையது. பொழுது சாய்ந்தால் நாங்கள் உண்பதில்லை. அதனால் எல்லோருக்கும் அவசரம்.

"சார், நீங்க எண்ணிகினே இருந்தா பொழுது பூடும். அப்புறம் உங்க கணக்கைத்தான் துன்னணும். ஜல்தி ஏறுங்க!" என்றார் சேவூர் அப்பாண்டை. பேருந்தே சிரித்தது.

நானும் அவளும் இரண்டு என்று வைத்து, மூன்றிலிருந்து எண்ணுவது என் வழக்கம். அவள் பெண்களோடு முன்வரிசையில் இருப்பாள், திரும்பிப் பார்க்கமாட்டேன். முப்பத்தெட்டு சரியாக வந்தது.

வழியில் ஊனா என்ற ஊரின் தர்மசாலையில் இறங்கிப் பொட்டலம் கொடுத்தபோதுதான் ஒன்று மிஞ்சியது. ஓட்டுநர் டீசல் போட வண்டியை எடுத்துப் போயிருந்தார். அவளுக்குத் தமிழ் தவிர ஒரு சொல் தெரியாது. கையில் காசில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. என் தவறுக்கு நானே எப்படி உதவி கேட்பது? வெட்கமாக இருந்தது. ஆனாலும் நேமிநாதரின் காவல் தெய்வமான இயக்கி தர்மதேவியிடம் அழுதேன். "தாயே, அவளைத் திருப்பிக் கொடு."

டீசல் போடப் போன வண்டி வருமுன்னே ஓர் ஆட்டோ வந்தது. அதில் அவள்! உடன் ஒரு துணிக்கடைக்காரர்.

கோட்டையில் செருப்பு அறுந்து பின்தங்கியிருக்கிறாள். பேருந்து போய்விட்டது. குடிகாரர்களுக்குப் பயந்து, கடைத்தெருவில் நின்று எங்கள் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உரக்கச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் குஜராத்திச் சமணர். அவள் பேசியது புரியவில்லை, மந்திரம் புரிந்தது. யாத்திரிகர்கள் பொழுது சாயுமுன் உண்ண ஊனா தர்மசாலையில்தான் நிற்பார்கள் என்று அவராகவே அழைத்து வந்துவிட்டார்.

"என்னைப் பாக்காமயே எண்ணிட்டீங்களா?" என்றாள். மிஞ்சிய பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். பொழுது சாய்ந்துவிட்டது, இருவரும் உண்ணவில்லை.

அந்தப் பயம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் விடியற்காலை ஜபத்தை இப்போது முன்போல் விரல் மடித்து எண்ணுவதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்விழிக்கும்வரை மந்திரம் சொல்கிறேன்.

அன்பர்களே, தவறு உங்களுடையதாகவே இருந்தாலும் கேளுங்கள். நான் கேட்டேன், அவள் வந்தாள்.