கொங்காடை போட்ட வெள்ளைக்காரன்

அக்கா செத்து நாலாம் மாதம், அத்தை என்னைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தாள். அந்த மகன்தான் அக்காவின் புருசன், எனக்கு மாமா. அக்கா இருந்த இடத்தில் தங்கச்சி போவது எங்கள் பக்கம் வழக்கம்தான். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. அப்பன் இல்லாத வீடு. அடுத்த வளர்பிறையில் உப்புச் சக்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தையே நாளும் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதற்குமேல் பின்வாங்கினவனை யாரும் மனுசனாக மதிக்க மாட்டார்கள்.

நான் ஒத்துக்கொண்டிருப்பேன். ஒரு கதைதான் குறுக்கே வந்தது.

மாமாவுக்கு மேட்டூரில் அணைக்கட்டு வேலை, கல் ஏற்றுகிற இடத்தில். அக்கா ஒரு எஞ்சினியர் துரை பங்களாவில் குழந்தை பார்த்துக்கொண்டாள். துரைசானி மத்தியானத்தில் ஒரு புத்தகம் படிப்பாளாம். அவர்கள் நாட்டில் நூறு வருசத்துக்கு முந்தி நடந்த மாதிரி எழுதின காதல் கதை. அந்த பங்களாச் சமையல்காரருக்கு இங்கிலீசு தெரியும். துரைசானி சொல்லச் சொல்லக் கேட்டு, அவர் அக்காவுக்குத் தமிழில் சொன்னார். அக்கா அதை ஆடி மாதம் ஊருக்குக் கொண்டு வந்தாள்.

ஆட்டையாம்பட்டியில் ஒரு வியாபாரியின் களத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கடலைக்காய் உரிப்போம். வாய் சும்மா இருக்காது. அக்கா அங்கே உட்கார்ந்து கதையைச் சொன்னாள். சொத்தில்லாத ஒரு பெண், பெரிய வீட்டில் தூரத்துச் சொந்தமாக ஒண்டிக் கிடக்கிறாள். கப்பலில் உத்தியோகம் பார்க்கிற ஒருவன் அவள்மேல் ஆசை வைக்கிறான். ஒரு விருந்தில் அவளோடு கைகோத்து ஆடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போகிறான்.

ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவதைக் களத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அக்கா அதை மாற்றிவிட்டாள். அவர்கள் உப்புச் சக்கரை மாற்றிக்கொண்டார்கள், அதற்கப்புறம் அவன் வரவில்லை என்று சொன்னாள். அங்கேதான் வந்தது வினை. ஆட்டத்துக்கு வராதவனை மன்னிக்கலாம். உப்புச் சக்கரை மாற்றிவிட்டு வராதவனை எப்படி மன்னிப்பது? பின்னால் அவன் ஒரு கடுதாசி எழுதுகிறான், தம்பி குதிரையிலிருந்து விழுந்து சாகக் கிடந்தான், அதனால்தான் என்று. களத்தில் ஒருத்திகூட உம் கொட்டவில்லை.

“கடுதாசி எழுதத் தெரிஞ்சவன் ஆள உட்டுச் சொல்லியிருக்க மாட்டானா?” என்றாள் ஒருத்தி.

“அவுனுக்கு எவளோ இருக்கறா. கப்பல்காரனுக்கு ஊருக்கு ஒருத்தி.”

“அந்தப் புள்ளைய வேற எடத்துல குடுக்கச் சொல்லு கண்ணு. இவன் வேண்டாம்.”

அக்கா சிரித்தாள். மறுநாள் வந்தபோது கதையில் ஒரு மழையைச் சேர்த்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் குளிர்காய்ச்சல். வண்டி போகாத சேறு. அவன் ஒரு கோணிச்சாக்கைக் கொங்காடை மடித்து அவள் தலைக்குப் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீடுவரை நடக்கிறான். எங்கள் காட்டில் மழை வந்தால் சாக்கை மூலையோடு மூலை மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வோமே, அதுதான் கொங்காடை. துரைமாருக்குக் கோணிச்சாக்கு ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லோரும் உம் கொட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செரி, கட்டிக் குடுங்க” என்றாள்.

மாமா அன்றைக்கு அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்தார். களத்துச் சுவரோரம் நின்று அந்த மழையைக் கேட்டார்.

ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல். எங்களுக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மாமா வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து சொன்னார். நல்ல மழை, வண்டி கிடைக்கவில்லை, கோணிச்சாக்கைக் கொங்காடை போட்டு நானே தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன், ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர் கேட்டாள் என்றார். அம்மா அதைக் கேட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது அந்தக் கொங்காடை மட்டும் எனக்குள் எங்கேயோ உறுத்தியது.

அப்புறம் களத்தில் என்னைக் கதை சொல்லச் சொன்னார்கள். நான் இரண்டாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் அக்கா சொன்ன கதை அப்படியே வாயில் நின்றது. சொல்லும்போது என் குரல் அவள் குரல் மாதிரி ஆகிவிடும். அந்த ஆசைக்காகத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கப்பல்காரன் நல்லவனாகிக்கொண்டே போனான். ஒரு நாள் அவனுக்குக் காலில் முள் தைத்தது, அப்படியும் நடந்தான். இன்னொரு நாள் அவனே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். எல்லாம் என் வேலைதான். கேட்கிறவர்களுக்கு அது பிடித்தது, எனக்கும் பிடித்தது. ஒருவன் கெட்டவன் போலத் தெரிந்து நல்லவனாக முடிவதைக் கேட்பதில் அப்படியொரு சுகம் இருக்கிறது.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் கதையிலயும் புள்ள மொதல்ல வேண்டாம்னுதான சொல்றா? அப்பறம் தெரியுதில்ல? எம் பையனும் அப்படித்தான் அம்மிணி. தூக்கிட்டு நடந்தவன்.”

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அக்கா கதையில் மழையைச் சேர்த்தது ஆடியில். அவள் செத்தது ஐப்பசியில். கதையில் வந்த கொங்காடை வாழ்க்கையில் எப்படி அப்படியே வரும்? வரலாம். வராமலும் இருக்கலாம். அது தெரியாமல் அந்த வீட்டில் எப்படி விளக்கேற்றுவது?

களத்தில் ஒருத்தி மேட்டூரில் இருக்கிற மகனைப் பார்க்கப் போனாள். அக்காவின் தகரப் பெட்டியை எடுத்து வருகிறேன் என்று சொல்லி நானும் போனேன். அவளை மகன் வீட்டில் விட்டுவிட்டு, பங்களாவின் பின்பக்கம் போய்ச் சமையல்காரரைக் கேட்டேன். வயசானவர், பட்டணத்துப் பக்கத்து ஆள். நான் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஐயா, நீங்க சொன்ன கதையில மழை வருதுங்களா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மழையா? இல்லியேம்மா. அந்தப் பொண்ணு கையுறை போட்டுக்கினு உக்காந்திருக்கும், ஆட்டம் முடியற வரிக்கும். அவன் வர மாட்டான். அப்பால லெட்டர் வரும். அவ்ளோதான்.”

“அவ படிச்சுட்டு மன்னிச்சுருவாளாங்க?”

“மன்னிச்சாத்தானே கதை?”

அதற்கப்புறம்தான் அக்காவைப் பற்றிக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோனது என்று. அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். வேலைக்கு வரவில்லையே என்று தானும் பங்களா கூட்டுகிற அம்மாளும் கூலிக்காரர் லைன் வீட்டுக்குப் பார்க்கப் போனார்களாம். உள்ளே அக்கா தனியாகக் கிடந்தாளாம். கயிற்றுக் கட்டிலோடு இரண்டு பேரும் தூக்கினார்களாம். “மழையெல்லாம் இல்லம்மா. வெயிலு. அந்த அம்மா முந்தானியால உங்க அக்கா மூஞ்சிய மறச்சுக்கினே வந்துச்சு.”

கூலிக்காரர் லைனில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பெட்டியை எடுத்து வைத்தார்.

“மாமா, அக்காவத் தூக்கிட்டுப் போனது நீங்களாங்க?”

“எவன் என்ன சொன்னான்?”

“எவன் சொல்றதுக்கும் முன்னாடியே எனக்குச் சந்தேகமுங்க. நீங்க சொன்ன கொங்காடை, அக்கா கதையில வார கொங்காடை.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“மேஸ்திரி உடல. போனா அப்படியே போயிருன்னான். ரண்டு நாளாக் காச்சல்தான, எறங்கிரும்னு இருந்துட்டேன் புள்ள.”

“அப்பறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

“உங்கம்மா என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில அதுதான் வந்துச்சு.”

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மறைக்கவில்லை, வந்தது. வேலை போனால் சோறு இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் கேட்டேன், “அம்மாகிட்ட வந்து இதயே சொல்லுங்க மாமா. அப்பறம் மத்ததப் பேசிக்கலாம்.”

“அதெப்படி முடியும்? கல்யாணமெல்லாம் ஆவட்டும். அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம்.”

கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னால் அம்மா மன்னித்துத்தானே ஆக வேண்டும்? நானும்தான். வந்த இரக்கம் அப்படியே நின்றுவிட்டது. “எனக்கு வேண்டாமுங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். பெட்டியை பஸ் வரைக்கும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அத்தையிடமும் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்குச் சிரமமாக இருந்தது. களத்தில் சொல்லிச் சொல்லி, எதையாவது சேர்த்தே பழகிவிட்டது.

“வெள்ளக்காரி கதையக் கேட்டுட்டு வந்து எம் பையனுக்குத் தீர்ப்புச் சொல்றாளா?” என்றாள் அத்தை. “நாலெழுத்துப் படிச்சிருந்தா இன்னும் என்ன பண்ணுவாளோ.” போனவள் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் மோசமானவர் இல்லையோ என்னவோ. களத்தில் இப்போது கதை கேட்டால், சமையல்காரர் சொன்னபடி கையுறையோடும் கடுதாசியோடும் சொல்கிறேன். பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றாம் நாள் அம்மா ராகி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கட்டலத் தூக்குனவிய யாருன்னு சொன்ன?”

“பங்களாச் சமையல்காரரும், கூட்டற அம்மாளும்.”

“அவிய ரண்டு பேரையும் ஒரு நாள் நம்மூட்டுக்கு வரச் சொல்லு சாமி. எலை போட்டுச் சோறு போடோணும்.”

கூட்டுகிற அம்மாளின் சாதியாரை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் உள்ளே உட்காரவைத்து இலை போட்டதில்லை. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. கூப்பிட்டாலும் அந்த இரண்டு பேரும் வருவார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். மறுநாள் மேட்டூர் போகிற ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினேன்.