வேண்டாம் என்று சொன்ன ஊர்

போன ஞாயிறு பாரிஸின் லா சப்பலில், ஒரு தேநீர்க் கடையில் யோகன் அண்ணையைக் கண்டேன். நெதர்லாந்தில், ஹாரன் என்ற ஊரில் பல வருடம் இருந்தவர். இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில், செவ்ரானில் மகளோடு.

"ஹாரனை விட்டிட்டு ஏன் வந்தனீங்கள், அண்ணை?"

"ஹாரன் இப்ப இல்லை, தம்பி."

ஊர் இல்லாமல் போவதென்றால் நமக்குத் தெரிந்தது ஈழத்துப் போரின் ஷெல்லடிதான். ஹாரனில் ஒரு சத்தமும் இல்லை. சட்டம் மட்டும்.

ஹாரன் தனிக் கிராமம். தனிச் சபை, தனி மேயர். பக்கத்து நகரமான க்ரோனிங்கனோடு அதைச் சேர்க்கும் பேச்சு வந்தது. ஊர்ச் சனத்திடம் கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள்.

அப்படிச் சொல்லச் சொல்லி வீடு வீடாகப் போனவர்களில் அண்ணையின் மனைவி தேவி அக்காவும் ஒருவர். சைக்கிளில், மழையில், தனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில்...

"அங்கை நாட்டிலை எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சை கேக்கினம். சொல்லாமல் விடலாமோ?" என்பாராம்.

சொன்னார்கள். மாகாணம் கேட்கவில்லை. பாராளுமன்றமும் கேட்கவில்லை. ஒரு புதுவருடத்தன்று ஹாரன் நகரத்துக்குள் போய்விட்டது. தெரு அதே தெரு, ரொட்டிக் கடை அதே கடை. ஆனால் அக்கா அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கவில்லை.

"கேட்டிட்டுத் தூக்கி எறியிறதுக்கு, கேளாமலே விட்டிருக்கலாம்" — அவ்வளவுதான் சொன்னாராம்.

பிறகு புற்றுநோய். தன் வீட்டில், தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். இறப்பைப் பதியப் போன அண்ணையிடம் அலுவலகப் பெண் மெதுவாகச் சொன்னாள்: இறந்த இடம், க்ரோனிங்கன்.

"அவள் ஹாரனிலதான் செத்தவள்" என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், சட்டத்தை அவளா எழுதினாள்?

அந்த மாதமே அண்ணை வீட்டைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

கவலையில் இருப்பவரைப் பேசாமல் விட நமக்குத் தெரியுமா? நானும் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "இந்த லா சப்பலும் ஒரு காலத்தில தனிக் கிராமம்தான், அண்ணை. பாரிஸ் தனக்குள்ள சேர்த்திட்டுது. ஆனாலும் பேர் நிக்குதுதானே?"

அவர் தேநீரைத் தள்ளி வைத்தார்.

"பேர் நிக்குது, தம்பி. அண்டைக்கு இஞ்சையும் வேண்டாம் எண்டு சொன்ன சனம் இருந்திருக்கும், அவை எங்கை?"

மேலே பாலத்தில் மெட்ரோ இரைந்துகொண்டு போனது... நான் தேநீர்க் காசைக் கொடுக்க எழுந்தேன்.