எரிக்காத ஃபிலிம்

செம்பியன் தி. நகர் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாணப் படம் எடுத்துத் தொழில் கற்றார். முப்பது வயதில் அதை விட்டார். பிறகு, யாரும் ஆல்பத்தில் வைத்துக்கொள்ளாத ஆட்களையே எடுத்தார்: புறாப் பந்தயம் விடுகிறவர்கள், பைக் ரேஸ் ஓட்டுகிறவர்கள், சாவு ஊர்வலத்தில் ஆடுகிறவர்கள். ஆதம்பாக்கத்தில் ஒற்றை அறை. கல்யாணம் இல்லை.

சந்திரிகாவை முதலில் எடுத்தபோது அவள் பெயர் தமிழ்மாறன். அடையாற்றங்கரையில் ஒரு பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பதினேழு வயது, அரும்பு மீசை. அடுத்த வருடம் வீட்டைவிட்டுப் போய்த் திருநங்கைகளோடு சேர்ந்தாள். பதினெட்டு வருடம் அவளைப் படம் எடுத்தார். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். அந்த மீசைப் படத்தின் ஃபிலிமை எரித்துவிட வேண்டும். எரித்துவிட்டதாகச் சொன்னார். எந்த ஃபிலிமையும் அவரால் எரிக்க முடிந்ததில்லை.

போன ஆவணியில் சந்திரிகா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். பிணத்தை வாங்கும் உரிமை அண்ணன் மண்ணாங்கட்டிக்குத்தான் இருந்தது. பிணவறை வாசலுக்கு ஒரு வேட்டியும், முடி வெட்டக் கத்திரிக்கோலும் கொண்டுவந்திருந்தான்.

அவளை மகளாக ஏற்றிருந்த மூத்த திருநங்கை தேவானை அவன் காலில் விழுந்தாள்.

“பொடவையில அனுப்பு நைனா. வேற இன்னா கேட்டேன் உன்ன?”

“பொடவையில கொண்டுபோனா எங்கம்மா எந்த மூஞ்சியப் பாத்து அழும்? அம்மாவாண்ட அவன் போட்டோ ஒண்ணுகூட இல்ல.” செம்பியன் பக்கம் திரும்பினான். “சார், நீதான அன்னிக்கி அவன் ஆடுனத புடிச்ச? அந்த போட்டோ இன்னும் கீதா?”

செம்பியன் தேவானையைப் பார்க்கவில்லை. “இருக்கு. அம்மாவுக்கு மட்டும்னா தரேன். புடவையிலதான் எடுத்துட்டுப் போவணும்.”

“கொண்டா. பொடவையே கட்டிக்கினு போவட்டும்.”

தேவானை மூக்கைச் சிந்தினாள். “எரிச்சிட்டேன்னு எங்கிட்டயும் சொன்னியேய்யா. போ, உன் பொய்யிக்குக்கூட ஒரு வேல வந்திச்சி.”

மதியத்துக்குள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மண்ணாங்கட்டி சொல் தவறவில்லை. சிவப்புப் பட்டில், பூ வைத்து, சந்திரிகாவை வீட்டு வாசலில் கிடத்தினார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் பன்னிரண்டு அடிக்கு நின்றது. அரும்பு மீசை. கீழே, தமிழ்மாறன்.

“அம்மாவுக்கு மட்டும்னுதான சொன்னேன்?”

“அதுக்குத்தான் சார். கண்ணு மங்கல். பெருசா இருந்தாத்தான் தெரியும்.”

நான்கு மணிக்குக் கானா பாடுகிறவன் வந்தான். துக்க வீட்டில் செத்தவர் பெயரை அவன் கேட்பதில்லை. தெருமுனையிலேயே பேனரைப் படித்துக்கொண்டு வந்துவிடுவான். உட்கார்ந்தான், கண்ணை மூடினான், முதல் அடியிலேயே தமிழ்மாறனை அழைத்தான். தம்பி என்றான், சிங்கம் என்றான்.

“பேரு சந்திரிகாபா, சந்திரிகா,” என்று தேவானை கத்தினாள். மேளத்தில் கேட்கவில்லை. கூட்டமும் அந்தப் பெயரைச் சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தது. நாற்காலியிலிருந்த அம்மா இரண்டு கைகளையும் பேனர் பக்கம் நீட்டி, பெயர் வரும்போதெல்லாம் அழுதாள்.

நடுவில் போய்ப் பாட்டை நிறுத்தச் செம்பியனால் முடியும். அந்த அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் போகவில்லை. பாடை எழும்வரை ஒரு மணி நேரம் அதையே பாடினார்கள்.