சிவப்புத் துணி கட்டிய சுவிட்ச்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் மழையில் ஒரு பஸ் மேல் சாய்ந்ததே, அதற்கு மறுவாரம் சனிக்கிழமை. பஸ்ஸில் ஆள் இல்லை, நல்லவேளை. அந்த மரத்தடியில்தான் நான் வருஷக்கணக்கில் முடி வெட்டிக்கொண்டேன். அது வேறு கதை.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். வயதான பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் கூட்டித் துடைக்கிற வேலை. சுரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் தொடக் கூடாது என்று சுவிட்சில் ஒருவன் சிவப்புத் துணி கட்டினால் அவனேதான் அவிழ்க்க வேண்டும். அதிகாரியே வந்தாலும் தொட மாட்டார். அதே பழக்கத்தில் மருத்துவமனை ஸ்டோர் ரூமுக்கு வெளியே இருந்த அதன் சுவிட்சிலும் ஒரு துணி கட்டியிருந்தேன். குழந்தைகளின் தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டி அந்தப் பூட்டிய அறைக்குள்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, அரசுக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போகிற மேனேஜர்களுக்கு எங்கள் மருத்துவமனையில் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் வெளியூர்க்காரர்.

"ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குங்க கரண்ட்? எங்க வீணாப் போகுதுன்னு கண்டுபிடிங்க" என்றார்.

எல்லோரும் சுவிட்ச் போர்டைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா தாத்தா, எந்த சாமிக்கு நேந்துகினு கட்டுன துணி இது?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு.

"அத்தத் தொடாதீங்க சார், உள்ள வந்து..."

"நீங்க போயி டீ எடுத்துகினு வாங்க. ஆறிடப் போவுது."

போனேன். திரும்பியபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஓடுகிற வேகம் குறைந்துவிட்டதாம். எதை அணைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. டீ ஊற்றினேன்.

திங்கட்கிழமை குப்பைக்கூடையைக் கவிழ்த்தால் டீ கப்புகளுக்கு நடுவே என் துணி.

ஓடினேன். சுவிட்ச் அணைந்து கிடந்தது. போட்டேன். கதவுக்குப் பின்னால் பெட்டி உறுமத் தொடங்கியது. அப்போதுதான் பயம் பிடித்தது. அந்த அறைச் சாவி வைத்திருக்கிற நர்ஸம்மா அன்றைக்கு லீவு. புதன்கிழமை ஊசி போடுகிற நாள். அதற்குள் பெட்டி பழையபடி சில்லென்று ஆகிவிடும். மருந்து கெட்டுப்போனது யார் கண்ணுக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் என் வேலையும் தப்பும்.

ஒரு பகல் முழுக்க மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மாவிடம் சொன்னேன். பெட்டியில் குளிர் காட்டும் முள் சரியாகத்தான் நின்றது. அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லலன்னா நாளைக்கு இத்தத்தான் தாத்தா புள்ளைங்களுக்குப் போட்டிருப்பேன்."

எல்லா மருந்தையும் ஒதுக்கினார். மேலிடத்துக்கும் எழுதினார். பதில் இல்லை.

ஆனால் கைதட்டியவர்கள் சனிக்கிழமையே அவரவர் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். குறிஞ்சிப்பாடி பக்கம், இன்னும் எங்கெங்கோ. அங்கே பூட்டிய அறைகளில் என்ன உறுமிக்கொண்டிருக்கிறதோ. உங்கள் ஆபீசுக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால், சுவிட்சை அணைக்கும் முன் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அடுத்து வருகிறவரிடமும் இதைச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.