மூன்றாவது தட்டில் இருந்த பல்செட்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் முதலில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள், கண்ணுங்களா. நான் சொல்லப்போவது நடந்த சங்கதி. யாருக்கு நடந்ததோ, அவள் செய்து கொடுத்த பல்செட்தான் இப்போது என் வாயில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கே கூசும்.

பஸ்ஸில் அவளை எல்லோரும் பல்லுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பல் டாக்டரிடம் பொய்ப்பல் செய்கிற வேலை. டாக்டர் வாயில் அளவு எடுத்துக் கொடுப்பார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறின் அச்சை வார்த்து, அதன்மேல் பல்லை அடுக்குவாள். முடித்ததும் உள்பக்கம் ஊசியால் ஓர் எண்ணைக் கீறுவாள். அடுத்தவர் எச்சிலுக்கும் வாய்நாற்றத்துக்கும் முகம் சுளிக்காதவள். அவளையே வாந்தியெடுக்க வைத்தது, வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாய்.

ஓடிய என்று சொல்வதே தப்பு. அது கடலில் சேரும் இடத்தில் ஒரு மதகு. அதன் இரும்பு ஷட்டர் அடியில் ஒரு சாண் மட்டும் மிச்சம் வைத்து இறங்கின நிலையில் பல மாதமாகச் சிக்கிக் கிடந்தது. அதை ஏற்றி இறக்கும் மதகுக்காரர் ஒண்டிக்கட்டை. ஒருநாள் ஆளையே காணோம். எங்கேயோ போய்விட்டார் என்று விட்டுவிட்டார்கள். பல்லுக்காரிக்கு அவர்மேல் தனிக் கோபம். முழு செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போன மனுஷன் வாங்கிக்கொள்ள வரவேயில்லை. நாற்பத்தேழாம் எண். பசித்தால் வராமலா போவார் என்று டாக்டர் சிரித்தார். பெட்டி அலமாரியின் மூன்றாவது தட்டில் தூங்கியது.

கால்வாய் தேங்கியது. முதலில் பச்சை, பிறகு பழுப்பு, பிறகு பலமுறை பொரித்த எண்ணெய் மாதிரி கறுப்பு. அது வீட்டின் பின்னறைக்குள் கணுக்கால் அளவு ஏறியது. மாமியார் கட்டிலை விட்டு இறங்கினால் அதில்தான் கால் வைக்க வேண்டும். விரலிடுக்குகள் வெள்ளையாக ஊறிப் பிய்ந்தன. பல்லுக்காரி ஒரு நீலத் தலையணை உறையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கட்டை அவிழ்த்தால் தோலும் சேர்ந்து வரும். மழை பிடித்துக்கொண்டால் வீடே மிஞ்சாது.

கொடுத்த மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் ஒரு பொறியாளர் வழி சொன்னார். நூறு நாள், ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் படமெடுக்க வேண்டும். தண்ணீர் மாறுவது தேதியோடு தெரிந்தால் தூர்வார உத்தரவு போடலாம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. மழைக்கு நூற்றுப்பத்து நாள்தான் இருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் கால்வாய்மேல் ஒரு நடைபாலம். அதன் கைப்பிடியில் ஒரு பிளவு. போன் அதில் கச்சிதமாக உட்காரும். காலை 7.20க்குப் படம். 7.35க்கு பஸ்.

அறுபது நாள் ஒன்றுமில்லை. நுரை. வயிறு வெடித்த மீன்கள். அவற்றில் நெளியும் புழு. அறுபத்தோராம் நாள், தூரத்தில் மதகடியில் ஓர் உருண்டை. பாசி மூடி, கொழகொழவென்று.

எழுபத்தைந்தாம் நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, படங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று தள்ளினாள். நுரை அங்குமிங்கும் அலைந்தது. உருண்டை மட்டும் அலையவில்லை. நேராகப் பாலத்தைப் பார்த்து வந்தது... ஒரு நாளைக்கு ஓர் எட்டு.

பக்கத்து சீட்டு நர்ஸிடம் காட்டினாள்.

"குப்பை மிதக்குது. இதுக்கா இப்படி முழிக்கிறே?"

தண்ணீர் கசிவது கடல் பக்கம். குப்பையும் அந்தப் பக்கம்தானே போகணும்? பல்லுக்காரி படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

எண்பத்தெட்டாம் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உருண்டையில் ஓர் ஓட்டை. அதற்கு முந்தின நாள் படத்தில் ஓட்டை சின்னது. அதற்கும் முந்தின நாள் வெறும் கோடு. ஏதோ... மெல்ல வாயைத் திறந்துகொண்டே வருகிற மாதிரி.

தொண்ணூற்று மூன்றாம் நாள் அந்த ஓட்டையின் உள்விளிம்பு தெரிந்தது. வெளிறி, வழுவழுவென்று. வலப்பக்கம் மட்டும் ஒரு பள்ளம்.

அவள் விரல்களுக்கு அது தெரியும். நான்கு நாள் அந்த அச்சைக் கையில் வைத்துப் பல் அடுக்கியவள் அவள்.

நாற்பத்தேழாம் எண்ணின் கீழ் ஈறு.

அன்று பஸ் நிறுத்தத்திலேயே வாந்தியெடுத்தாள். இனி அந்தப் பாலத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனாள். மாமியாரின் கட்டை மாற்றினாள். நகம் ஒன்று துணியோடு வந்தது.

மறுநாள் 7.20க்குப் பாலத்தில் நின்றாள்.

தொண்ணூற்றொன்பதாம் நாள். உருண்டை பாலத்துக்கு நேர் கீழே. கைப்பிடிப் பிளவு முழுக்கக் கறுப்புச் சளி. கைக்குட்டையால் துடைத்தாள். நூல் நூலாக இழுத்தது... வெதுவெதுப்பாக இருந்தது.

நூறாம் நாள்.

7.19. தண்ணீரில் உருண்டை இல்லை. அப்பாடா என்றிருந்தது.

7.20. க்ளிக்.

பின்னால்...

சளக்.

சளக்... சளக்...

பல்லில்லாதவர் வெறும் ஈறால் எதையோ குதப்புகிற சத்தம்.

செத்த மீன் வாடை. அதற்குள் இன்னொரு வாடை.

கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு.

"பல்லு... ஆச்சாம்மா?"

திரும்பவில்லை. ஓடவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தினம் கேட்கிற கேள்வி. வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"ஆச்சு. அலமாரியில இருக்கு. மூணாவது தட்டு."

சத்தம் நின்றது.

8.10க்கு அவள் வேலைக்கு வந்தாள். பூட்டிய அலமாரியைத் திறந்தாள். நாற்பத்தேழாம் பெட்டி மூடியபடி இருந்தது. மூடியைத் தூக்கினாள். உள்ளே விளிம்புவரை கருஞ்சேறு. அதில் இரண்டு புழு. பல்செட் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே நூறு படங்களையும் பொறியாளரிடம் கொடுத்தாள். உத்தரவு போட்டார்கள். அதிலிருந்து எட்டாம் நாள் இரவு மாமியார், கால்விரலை ஏதோ சப்புகிறது என்று முனகினாள். நீலக் கட்டின் ஓரம் பிய்ந்திருந்தது. பெருச்சாளியாக இருக்கும் என்று பல்லுக்காரி மாமியாரின் கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் இயந்திரம் வந்து ஷட்டரைப் பெயர்த்தது. தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தது, பின்னறை வடிந்தது. ஷட்டர் முழுசாக இறங்காமல் ஏன் சிக்கியது என்பதும் தெரிந்தது. அடியில் மதகுக்காரர் நசுங்கிக் கிடந்தார். எலும்பும் கந்தலும்தான். ஆனால் வாயில் மட்டும் முழு செட், புதுசாக மின்னிக்கொண்டு.

அடையாளம் சொல்ல டாக்டரையும் அவளையும் கூப்பிட்டார்கள். டாக்டர் செட்டைக் கழற்றப் பார்த்தார். சுலபத்தில் வரவில்லை. அத்தனை பொருத்தம். வந்ததும் உள்பக்கம் திருப்பினார். 47.

உடல் அங்கே கிடந்து பதினோரு மாதம் என்றார்கள். மதகுக் குறிப்பேட்டில் அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது ஐந்தாம் தேதி. பல்லுக்காரி அந்த செட்டை முடித்தது அதே மாதம் பத்தொன்பதாம் தேதி.

இதையாவது எப்படியோ என்று விட்டுவிடலாம், கண்ணுங்களா. செட்டின் கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. டாக்டர் இடுக்கியால் மெல்ல இழுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார். ஊறி வெளுத்த தோல்... இன்னும் அழுகவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீல நூல்.