ஹப்சிகுடாவில் வெள்ளைத் துணிக்கு அடியில்

வளசரவாக்கத்தில் எங்கள் மாடிவீட்டில் எட்டு வருஷம் குடியிருந்துவிட்டு வவுனியாவுக்கே திரும்பிப் போன நண்பன் சிவநேசன், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் செய்தான். அவன் மகள் தர்ஷிகா ஹைதராபாத்தில் நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். மூன்று வாரமாக வார்டில் எந்த நோயாளியையும் தொட மாட்டேன் என்கிறாளாம். திங்கட்கிழமையும் அப்படியே நின்றால் ஒரு வருஷம் போய்விடும். அவனுக்கு விசா கிடைக்க நாளாகும். "நீ போய்ப் பார். ஏலாது எண்டால் பிளேனில ஏத்திவிடு" என்றான். பென்ஷன்காரன் என்றால் எல்லோருக்கும் இளப்பம்தான். சனிக்கிழமை மாலையே ரயில் ஏறினேன்.

மூன்றடுக்கு ஏசியில் 1,240 ரூபாய், பதின்மூன்றரை மணி நேரம். செகந்திராபாத்தில் இறங்கியதும் மெட்ரோவில் போயிருந்தால் தர்ஷிகாவின் காலேஜ் இருக்கும் ஹப்சிகுடா மூன்றாவது நிறுத்தம். பெட்டியைத் தூக்கச் சோம்பல்பட்டு, ஆறு கிலோமீட்டருக்கு 180 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் மெட்டுகுடா ரயில்வே காலனியில் பிறந்த தமிழர். "முன் கேட் நக்கோ சார், ஞாயித்துக்கிழமை பந்த். பின்னாடி விடறேன், ஹவ்?" என்றார். அந்த ஊர்ப் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம், பந்த் என்றால் மூடியிருக்கும், ஹவ் என்றால் சரியா. அவர் சொன்னது சரி. ஞாயிறன்று போகிறவர்கள் பின் கேட்டுக்கே போங்கள்.

ஹாஸ்டல் வரவேற்பறையில் தர்ஷிகா இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசி முடிக்கும்வரை வெளியே எடுக்கவே இல்லை. நடந்ததை அவளே சொன்னாள். ஒரு மூதாட்டிக்கு நாடி பார்த்து எண்பத்து நாலு என்று எழுதியிருக்கிறாள். பின்னாலேயே வந்த சிஸ்டர் பார்த்தபோது அந்த அம்மாள் எப்போதோ போய்விட்டிருந்தார்.

"பெருவிரலால பிடிச்சிட்டன் மாமா. பெருவிரலுக்குள்ளயும் நாடி ஓடும். நான் எண்ணினது என்ர நாடியை."

ஒரு பிணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தன் உயிரை எண்ணியிருக்கிறது இந்தப் பெண். சொந்தக்காரர்கள் தெலுங்கில் அழுதது அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லையாம். அதுதான் இன்னும் காதில் கேட்கிறது என்றாள்.

அங்கே சூடான், நேபாளம், தான்சானியா என்று பல நாட்டுப் பிள்ளைகள். நோயாளியின் பாஷை தெரியாததால் தொட்டே தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்குப் பயிற்சிக்கூடத்தில் ஒன்பது கட்டில்கள், முகத்தையும் மூடிய வெள்ளைத் துணி. எட்டில் ரப்பர் பொம்மைகள், ஒன்றில் உயிருள்ள ஆள். துணியை விலக்காமல், அடியில் கைவிட்டு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணி, எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அன்று எண்ண வேண்டியது தர்ஷிகாவின் முறை. பழகாத கை வேண்டும் என்று சூடான் பெண் அமீனா, அவளுக்குத் தெரியாமல் என்னைப் படுக்கச் சொன்னாள். வார்டனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாவது கட்டிலில் படுத்தேன். அசையக் கூடாது, பேசக் கூடாது.

ஏசி குளிர். துணிக்குள் வெளிச்சம் பால் நிறத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டில் பொம்மையின் நெஞ்சு மோட்டாரில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. என்னையும் அறியாமல் அதற்கேற்ப மூச்சுவிட ஆரம்பித்திருந்தேன். தர்ஷிகாவின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று வந்தது. ஜீரோ. ஜீரோ. என் மணிக்கட்டில் மூன்று விரல்கள் ஐஸ் மாதிரி பதிந்தன. அரை நிமிடம் இருக்கும். கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஜீரோ" என்றாள், குரல் உடைந்து.

செருப்புச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. இருமிக் காட்டலாமா என்று நினைத்தேன், முடியவில்லை. அறுபத்தொரு வயதில் நான் அப்படிப் பயந்ததில்லை. உண்மையிலேயே இருக்கிறேனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

ஒன்பதாவது கட்டிலுக்குப் பிறகு சத்தம் நின்றது. பிறகு திரும்பி வந்தது. விதியை மீறித் துணியை விலக்கினாள். கையைப் பிடித்து முழு நிமிடம் நின்றாள்.

"அறுபத்து ரெண்டு, மாமா. ஆனா இடையில விட்டு விட்டு அடிக்குது. நிண்டிட்டுது எண்டு பயந்துதான் முதல்ல கையை எடுத்திட்டன்."

"வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்."

"அதை நீங்கள் சொல்லக் கூடாது, டொக்டர் சொல்லோணும். எழும்புங்கோ."

எதிரே இருந்த மருத்துவமனைக்கு என்னை மணிக்கட்டோடு பிடித்து இழுத்துப் போனாள். ஈசிஜி 300 ரூபாய். அவள் சொன்ன இடைவெளி தாளில் அப்படியே இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மாத்திரை வேண்டும், விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். என்னைவிட அவள்தான் கவனமாகக் கேட்டாள்.

வெளியூரில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: திரும்பும் டிக்கெட்டை அன்றைக்கே போடாதீர்கள். ஹாஸ்டல் விருந்தினர் அறை இரவுக்கு 450 ரூபாய், சுத்தமாக இருக்கிறது. ஆறுதல் சொல்லிக் கொல்லாதீர்கள். முடிந்தால் கையை நீட்டுங்கள், பிடித்துப் பார்க்கட்டும்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். முதல் கட்டிலில் ஒரு முதியவர் வாய் திறந்தபடி அசையாமல் கிடந்தார். தர்ஷிகா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூன்று விரலை வைத்தாள். அந்த நிமிடம் முழுவதும் நான் மூச்சை விடவில்லை. அவள் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சிவநேசன் அழைத்தான். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறியா?"

"இல்லைடா. அவளுக்கு வேலை இருக்கு."